ஒட்சிசன் கொண்டுபோன மேஜர்



கிளிநொச்சியில் நின்று இமயமலையைப் பற்றிப் பேசப்போகிறேன் என்றதும் சிலர் வியந்தார்கள். வன்னியில் மலை இல்லை. இரணைமடுக் குளக்கட்டில் ஏறி நின்றால் அதுதான் நமக்கு உயரம். ஆனால் இன்று நான் எடுத்துக்கொண்ட மனிதரின் கதை, போருக்குள் வழி கற்றவர்கள் போர் முடிந்தபின் அந்த அறிவை என்ன செய்யலாம் என்ற கேள்வியைத் தொடுகிறது. அந்தக் கேள்வி நம்முடையது. அதனால்தான் அவரை இங்கே அழைத்து வருகிறேன்.

அவர் பெயர் ஜேம்ஸ் ஓவன் மெரியன் ரொபேர்ட்ஸ். எல்லோரும் ஜிம்மி ரொபேர்ட்ஸ் என்றுதான் அழைத்தார்கள். 1916இல் இந்தியாவின் குஜராத்தில் பிறந்த ஆங்கிலேயர். இங்கிலாந்தில் படித்து, சாண்ட்ஹேர்ஸ்ட் இராணுவக் கல்லூரியில் பயிற்சி முடித்து, 1936இல் அதிகாரியாகி, முதலாம் கூர்க்காப் படைப்பிரிவில் சேர்ந்தார். கூர்க்கா என்ற பெயர் நம் ஊருக்குப் புதிதில்லை. 1987இல் இந்தியப் படை வந்தபோது கூர்க்கா வீரர்களையும் நம் மூத்தவர்கள் நேரில் கண்டார்கள். அந்த நினைவு எல்லோருக்கும் இனிமையானதல்ல என்பதை அறிந்தே இந்தப் பெயரைச் சொல்கிறேன்.

ரொபேர்ட்ஸின் இளமையில் ஒரு விசித்திரம் உண்டு. தன் கீழ் இருந்த சிப்பாய்களின் மொழியை அவர் நன்றாகப் பேசினார். அவர்களின் ஊர்ப்பெயர்களும் ஆற்றுப்பெயர்களும் அவருக்குத் தெரியும். ஆனால் அந்த ஊர்களை அவர் பார்க்க முடியாது. நேபாளம் அன்று வெளிநாட்டவருக்குக் கதவடைத்த நாடு. கூர்க்காக்களை நடத்திய பிரித்தானிய அதிகாரிகளுக்கும் அங்கே பொதுவாக அனுமதி இல்லை. போக்கரா என்ற பள்ளத்தாக்கும், அதன் மேலே மீன்வாலைப்போலப் பிளந்து நிற்கும் மச்சபுச்சாரே என்ற சிகரமும் அவர் நெஞ்சில் பல ஆண்டுகள் கேள்வி ஞானமாகவே இருந்தன. 1950இல்தான் டில்மன் என்ற புகழ்பெற்ற மலையேறியின் குழுவோடு நேபாளத்துக்குள் கால்வைத்தார். அப்போது அவருக்கு வயது 33.

அதற்கு முன்பே மலை அவருக்கு அச்சத்தையும் காட்டியிருந்தது. 1938இல் காரகோரத்தில் 7,821 மீற்றர் உயரமுள்ள மஷர்புரும் மீது போன குழுவில் அவரும் ஒருவர். உச்சியை எட்ட முடியவில்லை. பனிப்புயலில் சிக்கிய இரு தோழர்கள், ஹரிசனும் ஹொட்ஜ்கினும், உறைபனிக் காயத்தில் விரல்களை இழந்தார்கள். இருபத்தொரு வயதில் அதைப் பார்த்தவர், அதற்குப் பிறகு மலையில் எடுத்த முடிவுகளையெல்லாம் அந்த நினைவோடுதான் எடுத்திருப்பார் என்று நான் நம்புகிறேன்.

பிறகு போர். 1942 ஜூலை, பர்மாவில் கொட்டும் மழைக்காலம். யப்பானியர் பர்மாவைப் பிடித்துவிட்டார்கள். வடக்கில் என்ன நடக்கிறது என்று டெல்லிக்குத் தெரியவில்லை. 153ஆம் கூர்க்கா பரசூட் படையணியின் கப்டன் ரொபேர்ட்ஸ் ஒரு சிறு குழுவோடு மிச்சினா பகுதிக் காட்டில் குதித்தார். வேவு பார்த்தபின் அவர்கள் கால்நடையாக வடக்கே ஃபோர்ட் ஹேர்ட்ஸ் வரை போகவேண்டும் என்பது கட்டளை. அட்டை, காய்ச்சல், வெள்ளம் போன ஆறுகள், நனைந்துபோன உணவுப்பொதி. வாரக்கணக்கில் நடந்து போய்ச் சேர்ந்தார்கள். 1944 மார்ச்சில் மணிப்பூர் மலைகளில் சங்ஷக் என்ற இடத்தில் அவருடைய படையணி யப்பானியரின் முன்னேற்றத்தைத் தடுத்து நின்று பெரும் இழப்பைச் சந்தித்தது. போரில் அவருக்கு மிலிட்டரி குறொஸ் விருது கிடைத்தது. யப்பானியருக்கு எதிரான இதே போரின்போதுதான் நம் வவுனியாவிலும் அன்று பிரித்தானிய விமானத்தளம் இயங்கியது. காடு வெட்டி அமைத்த அந்த ஓடுபாதையை அறிந்த வவுனியாக்காரர் இந்த அவையிலும் இருக்கக்கூடும்.

போர்க்கதையை இத்தோடு விடுகிறேன். அவருடைய வீரத்தைப் புகழ்வதற்காக நான் இங்கே வரவில்லை. ஒரு படை அதிகாரி நாள்தோறும் செய்கிற, யாரும் பாடாத வேலை ஒன்று உண்டு. எத்தனை பேர், எத்தனை நாள், எவ்வளவு அரிசி, எங்கே தண்ணீர், யாருக்குக் கால் புண், மழை வந்தால் எங்கே ஒதுங்குவது. இந்தக் கணக்குத்தான் ரொபேர்ட்ஸை உருவாக்கியது.

1953ஆம் ஆண்டை எடுத்துக்கொள்ளுங்கள். எவரெஸ்ட் என்றால் எட்மண்ட் ஹிலாரி, டென்சிங் நோர்கே என்று நம் நாலாம் வகுப்புப் பிள்ளையும் சொல்லும். அந்தக் குழு முதலில் புறப்பட்டுப் போய்விட்டது. உச்சிக்குத் தேவையான ஒட்சிசன் உருளைகளின் இரண்டாம் தொகுதி பின்னால் வந்தது. அதைச் சுமைகாரர்களோடு காத்மாண்டுவிலிருந்து மலையடிவாரம் வரை கொண்டுபோய்ச் சேர்த்தவர் மேஜர் ரொபேர்ட்ஸ். அந்த உருளைகள் நேரத்துக்கு வராவிட்டால் மே 29ஆம் திகதி எப்படி முடிந்திருக்கும் என்று எண்ணிப்பாருங்கள். சேர்த்துவிட்டு அவர் அங்கே புகழுக்காகக் காத்திருக்கவில்லை. சென் டென்சிங் என்ற ஷெர்பாவோடு வரைபடத்தில் சரியாகக் குறிக்கப்படாத பள்ளத்தாக்குகளுக்குள் போனார். மே 20ஆம் திகதி இருவரும் மேரா என்ற சிகரத்தில் நின்றார்கள். எவரெஸ்ட்டுக்கு ஒன்பது நாள் முன்பு, உலகம் கவனிக்காத ஓர் ஏற்றம். இன்று அதே மேரா, பெரிய மலையேறிகளல்லாத சாதாரண மனிதர்களும் ஷெர்பா துணையோடு ஏறுகிற சிகரமாக இருக்கிறது.

அடுத்த ஆண்டு ஆங் நிமா என்ற ஷெர்பாவோடு 7,246 மீற்றர் புத்த ஹியுன்சுலியில் முதல் ஏற்றம். 1960இல் பிரித்தானிய, இந்திய, நேபாளப் படைகளின் கூட்டுக் குழுவுக்குத் தலைமை தாங்கி, அன்னபூர்ணா இரண்டாம் சிகரத்துக்கு கிறிஸ் பொனிங்டன், கிராண்ட், ஆங் நிமா ஆகிய மூவரை அனுப்பினார். அவர் கீழே நின்றார்.

ஆனால் நான் நிறுத்திச் சொல்ல விரும்புவது 1957ஐ. மச்சபுச்சாரே. இளமையில் பெயர் கேட்டதிலிருந்து அவர் கனவு கண்ட மலை. முந்தைய ஆண்டே மோதி ஆற்றின் இடுக்கு வழியாக உள்ளே போய்ப் பாதை பார்த்து வைத்திருந்தார். குழுத் தலைவர் அவர்தான். அப்போது ரொஜர் சோர்லி என்ற இளம் உறுப்பினருக்கு இளம்பிள்ளைவாதம் கண்டது. கால்கள் ஓய்ந்தன. அவரைப் போக்கராவுக்குக் கொண்டுபோகவேண்டும். செங்குத்தான மலைப்பாதை, மூங்கில் காடு, ஒற்றையடிப் பாலங்கள். கூட யார் போவது? தலைவரே போனார். இருபது ஆண்டுக் கனவைப் பின்னால் விட்டுவிட்டு, நோயாளியைச் சுமந்தவர்களோடு கீழே இறங்கினார்.

மேலே நொய்ஸ், கொக்ஸ் என்ற இருவர் உச்சிக்கு ஏறக்குறைய 150 அடி கீழே வரை போய், பனியும் பனிக்கட்டியும் விடாமல் திரும்பினார்கள். அந்தப் பள்ளத்தாக்கின் குருங் மக்களுக்கு அது தெய்வ மலை. பிறகு நேபாள அரசு அதில் ஏறுவதைத் தடைசெய்தது. ரொபேர்ட்ஸும் அந்த மலை ஏறப்படாமல் இருக்கட்டும் என்றே விரும்பினார் என்று அவரை அறிந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். வற்றாப்பளை அம்மன் வளவுக்குள் செருப்போடு நுழையாத நமக்கு இதை விளக்கத் தேவையில்லை.

ஒரு வழிகாட்டிக்கு இதைவிடப் பெரிய இலக்கணம் எனக்குத் தெரியாது. உச்சியில் நிற்பவரைப் படம் எடுக்கிறோம். நோயாளியோடு இறங்கியவரை யாரும் படம் எடுப்பதில்லை. மாணவர்களே, உங்களில் யாராவது ஒருநாள் பிறரை அழைத்துக்கொண்டு எங்காவது போவீர்களானால், ஏறத் தெரிவது பாதி வேலைதான். யாருக்காக எப்போது திரும்புவது என்பது மீதிப் பாதி.

1958இல் அவர் காத்மாண்டுவில் பிரித்தானியாவின் முதல் இராணுவ இணைப்பாளரானார். 1963இல் அமெரிக்கரின் எவரெஸ்ட் குழுவுக்குப் போக்குவரத்துப் பொறுப்பு. தொள்ளாயிரத்துக்கு மேற்பட்ட சுமைகாரர். அத்தனை பேருக்கும் கூலி, உணவு, உறங்க இடம், ஒழுங்கு. அந்த வேலை முடிந்தபோது அவருக்கு ஒன்று தெளிவாகியிருக்கவேண்டும்: உச்சியை விரும்பாமல், மலைகளுக்கு நடுவே நடக்க மட்டும் விரும்புகிறவர்கள் உலகில் ஏராளம் இருப்பார்கள்.

லெப்டினன்ட் கேணல் பதவியோடு படையை விட்டு விலகி, 1964இல் காத்மாண்டுவில் 'மவுண்டன் ட்ராவல்' என்ற நிறுவனத்தைப் பதிவுசெய்தார். நேபாளத்தில் அப்படியொரு நிறுவனம் அதுவரை இல்லை. ஓர் அமெரிக்க சஞ்சிகையில் சிறு விளம்பரம் போட்டார். 1965இன் தொடக்கத்தில் முதல் வாடிக்கையாளர்கள் வந்தார்கள். மூன்று அமெரிக்கப் பெண்கள். மலையேறிகளல்ல, நடக்க ஆசைப்பட்டவர்கள். அவர்களை எவரெஸ்ட் பக்கம் அழைத்துப்போனார். இன்று ட்ரெக்கிங் என்று உலகம் முழுக்கச் சொல்லும் மலைநடைத் தொழில் அந்த மூன்று பெண்களிலிருந்து தொடங்குகிறது.

அந்த நடையில் ஒரு நாள் எப்படி இருந்தது என்று பாருங்கள். விடியுமுன் கூடார வாசலில் சூடான தேநீர். பின்னாலேயே ஒரு சட்டியில் முகம் கழுவ வெந்நீர். பொதி கட்டும்போதே சமையற்காரரும் உதவிப் பையன்களும் பெரிய கூடைகளில் சட்டிபானையோடு முன்னே ஓடிவிடுவார்கள். வாடிக்கையாளர் மெல்ல நடந்து ஓர் ஆற்றங்கரைக்கு வரும்போது அடுப்பு மூட்டி, சாப்பாடு தயாராக இருக்கும். பிற்பகலில் கூடாரம் அடிக்கப்பட்டுவிடும். சர்தார் என்ற ஷெர்பாத் தலைவர் எல்லாவற்றையும் பார்ப்பார்: யார் பின்தங்குகிறார், யார் சாப்பிடாமல் தட்டைத் தள்ளுகிறார், யாருக்குத் தலைவலி. 3,000 மீற்றருக்கு மேலே தலைவலியும் பசியின்மையும் உயரநோயின் முதல் அடையாளம். அதற்கு மேல் ஒவ்வோர் இரவும் படுக்கும் உயரத்தைச் சிறிது சிறிதாகத்தான் கூட்டவேண்டும். நோய் முற்றினால் முதல் மருந்து கீழே இறங்குவது. இந்த ஒழுங்கைப் பாருங்கள், ஒரு படை நகர்வின் கணக்கு அப்படியே இருக்கிறது. துவக்கு மட்டும் இல்லை.

இது ஏன் அந்த நேரத்தில் வேரூன்றியது? ஷெர்பாக்களின் கும்பு பகுதி நூற்றாண்டுகளாகத் திபெத்தோடு செய்த வணிகத்தில் வாழ்ந்தது. ஏறக்குறைய 19,000 அடிக் கணவாய் தாண்டி உப்பும் கம்பளியும் வரும், தானியம் போகும். 1959க்குப் பின் சீனா திபெத்தில் பிடியை இறுக்க, அந்த வணிகம் நலிந்தது. 1965இல் நேபாளம் மலையேற்றக் குழுக்களுக்கே தடை போட்டது. 1969 வரை அது நீடித்தது. வணிகமும் போய், குழுக்களின் கூலியும் போன நேரத்தில்தான் மலைநடை வந்தது. ஹிலாரியின் முயற்சியில் அந்தப் பகுதியின் லுக்லாவில் விமானத் தரைப்பாதை அமைந்ததும் 1964இல்தான். எல்லை மூடப்பட்ட ஓர் ஊரில், பழைய வாழ்க்கை அறுந்த ஒரு மக்களுக்கு, தங்கள் காலுக்குத் தெரிந்த வழியே வாழ்வாதாரமானது. வன்னியில் இருக்கும் நமக்கு இந்த வரி தனியாகப் படவேண்டும்.

அவரிடம் வேலை பழகிய ஷெர்பாக்கள் பலர் பிறகு தங்கள் சொந்த நிறுவனங்களைத் தொடங்கினார்கள், விடுதி கட்டினார்கள், பிள்ளைகளைப் படிக்கவைத்தார்கள். ஆனால் முதல் உரிமையாளர் ஒரு வெள்ளைக்கார அதிகாரி என்பதையும், உள்ளூரவர் உரிமையாளராக வர ஆண்டுகள் பிடித்தன என்பதையும் மறைத்துப் பேசுவது சரியாகாது. சுமைகாரரின் நிலை இன்னும் மோசம். உச்சி ஏறும் ஷெர்பாவுக்குக் கிடைத்த உடுப்பும் மரியாதையும், தாழ்வான பள்ளத்தாக்குகளிலிருந்து கூலிக்கு வரும் ராய், தமாங் இளைஞனுக்குக் கிடைக்கவில்லை. பருத்திச் சட்டையும் றப்பர் செருப்புமாகப் பனிக் கணவாய் தாண்டியவர்கள் இறந்திருக்கிறார்கள். சுமைகாரரைக் காக்கவென்றே ஒரு சர்வதேச அமைப்பு 1997இல்தான் தோன்றியது. அதே ஆண்டு நவம்பரில் ரொபேர்ட்ஸ் போக்கராவில் காலமானார். இடுப்பு மூட்டு நோய் அவருடைய கால்களை முன்பே கட்டிப்போட்டிருந்தது. கடைசி ஆண்டுகளில் மச்சபுச்சாரேயைப் பார்த்தபடி அரிய மலைக்கோழிகளை வளர்த்து வாழ்ந்தார்.

இன்னொருவரையும் சுருக்கமாகச் சொல்லியாகவேண்டும். இந்தியத் தரைப்படையின் கேணல் நரேந்திர குமார். 1961இல் நீல்கண்ட் மலையில் உறைபனிக்கு நான்கு கால்விரல்களைக் கொடுத்தவர். விரலில்லாத காலோடு 1977இல் கஞ்சன்ஜங்காவுக்குக் குழு நடத்தினார். 1978இலும் 1981இலும் சியாச்சின் பனியாற்றில் அவர் குழுவோடு நடந்து எடுத்த படங்களும் வரைபடங்களும் 1984 ஏப்ரலில் இந்தியப் படை அங்கே இறங்கக் காரணமாயின. ஓய்வுபெற்றபின் அவரும் மலை ஆறுகளில் மிதவைப் பயணம், மலைநடை நடத்தும் நிறுவனம் கண்டார். 2020 கடைசி நாளில் மறைந்தார். ரொபேர்ட்ஸின் பாதைகளில் சமையற்கூடை போனது. குமாரின் பாதையில் பீரங்கி போனது. இருவருமே திறமைசாலிகள், துணிந்தவர்கள். வழி தெரிந்தவனின் அறிவு எந்தக் கையில் போய்ச் சேர்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. சியாச்சினில் குண்டுக்கு இறந்த சிப்பாய்களைவிடக் குளிருக்கும் பனிச்சரிவுக்கும் இறந்தவர்கள் அதிகம்.

இப்போது நம் மண்ணுக்கு வருகிறேன்.

போர் முடிந்த 2009 மே மாதத்துக்கு முந்திய மாதங்களில் வன்னி மக்கள் நடந்த நடையை யாரும் எவருக்கும் சொல்லித்தரத் தேவையில்லை. கிளிநொச்சி, தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு, முள்ளிவாய்க்கால். எந்தப் பற்றைக்குள் தண்ணீர், எந்த வெளியில் ஷெல் விழும், கைக்குழந்தையோடு எந்தப் பக்கம் திரும்பவேண்டும் என்று ஒவ்வொரு குடும்பத்திலும் ஒருவர் வழி நடத்தினார். அநேகமாக ஒரு தாய். படைத்துறைப் பயிற்சி ஏதுமின்றி, ரொபேர்ட்ஸ் போட்ட அத்தனை கணக்கையும் அவர் போட்டார். துவக்குப் பிடித்த கைகளும் உண்டு. போராளிகளாக இருந்தவர்களில் ஏறக்குறைய 12,000 பேர் புனர்வாழ்வு முடித்து வெளியே வந்தார்கள். அவர்களுக்கு என்ன வேலை காத்திருந்தது என்பதை நீங்கள் என்னைவிட நன்றாக அறிவீர்கள். மேசன் வேலை, கூலி வேலை, பலருக்கு அதுவுமில்லை.

ஒரு வேலையை மட்டும் நன்றியோடு சொல்லவேண்டும். முகமாலையில் மண்டையோட்டுப் பலகைகளுக்குப் பின்னால், முழந்தாளிட்டு, முகக்கவசத்தோடு, மண்ணைச் சுரண்டிச் சுரண்டி மிதிவெடி எடுத்த நம் பெண்கள். கணவனை இழந்தவர்கள் அவர்களில் பலர். ஒரு சதுர மீற்றரை முடித்துவிட்டு அடுத்ததற்கு நகரும் அந்தப் பொறுமை, நான் இதுவரை சொன்ன எந்த மலையேறியின் பொறுமைக்கும் குறைந்ததில்லை. போர் விட்டுப்போன நிலத்தில் பிறர் கால்வைக்க முதல் வழி திறந்தவர்கள் அவர்கள். வன்னியின் முதல் வழிகாட்டிகள் என்று வரலாறு எழுதினால் அவர்களிலிருந்துதான் தொடங்கவேண்டும். அந்தப் பணி முடிந்துகொண்டு வரும்போது அந்தக் கைகளுக்கு அடுத்து என்ன?

சுண்டிக்குளத்துக்கும் கொக்கிளாய்க்கும் வலசைப் பறவைகள் வருகின்றன. முத்தையன்கட்டு, வவுனிக்குளம், இரணைமடு என்று குளங்களும், அவற்றைச் சுற்றிப் பாலையும் வீரையும் முதிரையும் நிற்கும் காடுகளும் இருக்கின்றன. கற்சிலைமடுவில் பண்டாரவன்னியன் நினைவிடம். ஆண்டுதோறும் செல்வச்சந்நிதியிலிருந்து கதிர்காமத்துக்கு வேல் தாங்கிப் போகும் பாதயாத்திரை முல்லைத்தீவைக் கடந்துதான் போகிறது. அந்தக் கூட்டத்தில் முன்னே போகும் மூத்தவருக்கு எந்தக் கோயிலில் தங்கலாம், எந்தக் கேணி நீர் குடிக்கலாம் என்று தெரியும். தன் தொழிலை அவர் தொழில் என்று நினைத்ததேயில்லை. 2016 மே 21இல் ஜயந்தி குரு உதும்பாலா எவரெஸ்ட் உச்சியில் நின்ற முதல் இலங்கையரானபோதும் ஷெர்பாக்களின் துணை இருந்தது. நாடு அவரைக் கொண்டாடியது, சரி. துணை நின்ற தொழிலையும் நாம் கற்கவேண்டும்.

நம் துயரத்தைக் காட்சிப்பொருளாக்கி விற்கச் சொல்கிறேன் என்று யாரும் எண்ணவேண்டாம். முள்ளிவாய்க்கால் மண்ணில் நின்று யாருக்கு எதைச் சொல்வது, எதைச் சொல்லாமல் விடுவது என்பதை அங்கே இழந்தவர்கள்தான் முடிவுசெய்யவேண்டும். மச்சபுச்சாரேயில் மனிதர்கள் 150 அடி கீழே நின்றார்கள். நமக்கும் அப்படி நின்றுவிடவேண்டிய இடங்கள் உண்டு. ஆனால் காட்டையும் குளத்தையும் பறவையையும் காட்டுவதற்கு வெளியிலிருந்து வரும் நிறுவனம் வாகனத்தோடு ஆளையும் கொண்டுவருமானால், நம் பிள்ளைகள் வீதியோரத்தில் இளநீர் விற்றுக்கொண்டு பார்த்திருப்பார்கள். நேபாளத்தில் உள்ளூரவர் உரிமையாளராக எடுத்த ஆண்டுகளை நாம் எடுக்கக்கூடாது.

ஆகவே இந்தச் சொற்பொழிவை நடத்தும் அறக்கட்டளைக்கும், பிரதேச சபைகளுக்கும், கூட்டுறவுச் சங்கங்களுக்கும் ஒரு விண்ணப்பம். ஆண்டுக்கு ஒரு சொற்பொழிவு நடத்தும் பணத்தோடு இன்னும் கொஞ்சம் சேர்த்து, கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டங்களிலிருந்து சில இளைஞரையும் பெண்களையும் தெரிந்தெடுங்கள். மிதிவெடி அகற்றிய பெண்களுக்கு முதலிடம் கொடுங்கள். முதலுதவி, பாம்புக்கடிச் சிகிச்சை, பறவையும் மரமும் அறிதல், இரண்டு மொழி, கணக்கு வைத்தல் ஆகியவற்றைக் கற்பியுங்கள். தொழில் அவர்கள் பெயரிலேயே, கூட்டுறவாகப் பதிவாகட்டும். சுமை தூக்குபவருக்கும் சமைப்பவருக்கும் முன்னே நடப்பவருக்குக் கிடைக்கும் காப்புறுதியே கிடைக்கவேண்டும் என்று முதல் விதியில் எழுதுங்கள். முதல் குழுவுக்கு மூன்று பேர் வந்தாலும் போதும். ரொபேர்ட்ஸுக்கு வந்ததும் மூன்று பேர்தான்.